குனிவும் திண்ணையும்

(திருத்தணியில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு சொல்லைப் பற்றிப் பேசலாம்னு வந்திருக்கேன். அது தமிழ்ச் சொல் இல்லை, இங்கிலீஷ் சொல். ஸ்டூப்.

எங்க காலனியில் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைங்க பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவாங்க. வங்கித் தேர்வு, குரூப் நாலு, ரயில்வே என்று ஆளுக்கொன்று. எனக்குத் தெரிந்த இங்கிலீஷை நான் சொல்லிக் கொடுப்பேன். போன மாசம் ஒரு பொண்ணு நோட்டைத் தூக்கிக்கிட்டு வந்தாள். 'அண்ணா, ஸ்டூப்னா என்ன?' குனியறதும்மா, என்றேன். அவள் விடவில்லை. 'அப்ப இந்தப் பாடத்துல, சாயங்காலம் எல்லாரும் ஸ்டூப் மேல உட்கார்ந்து கதை பேசினாங்கன்னு இருக்கே. குனிஞ்சிக்கிட்டு எப்படிண்ணா கதை பேசுவாங்க?'

பிள்ளைங்க சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏன்னா எனக்குப் பதில் தெரியவில்லை. அகராதியைப் புரட்டினோம். ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு சொற்கள் தனித்தனியாக நின்றன. ஒன்று குனிதல். இன்னொன்று வீட்டு வாசலில் படியோடு சேர்ந்த மேடை. அதாவது, நம்ம ஊர் பாஷையில் திண்ணை. குனிவதற்கும் திண்ணைக்கும் ஒரே சொல். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தூக்கமில்லாமையைத்தான் இப்ப உங்க முன்னால் பிரித்து வைக்கிறேன்.

முதலில் சொல்லின் வரலாறு. குனிதல் என்கிற ஸ்டூப் பழைய ஆங்கிலச் சொல். டச்சு மொழியின் பழைய வடிவத்திலும் அதற்கு உறவுச்சொல் உண்டு. சொல்லாராய்ச்சி செய்கிறவர்கள் அதன் வேரைத் தேடிக்கொண்டு பின்னால் போய், தள்ளு, குத்து, அடி என்கிற பொருளுள்ள ஒரு பழம் வேரோடு இணைக்கிறார்கள். இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். குனிதல் என்பது தானாக நடக்கிற காரியம் மாதிரி நமக்குத் தெரிகிறது. சொல்லின் அடியில் போய்ப் பார்த்தால் அங்கே ஒரு தள்ளல் இருக்கிறது, ஒரு அடி இருக்கிறது. முதுகைப் பார்க்கிறோம், முதுகில் விழுந்த கையை நாம் பார்ப்பதில்லை. இன்னொரு சங்கதியும் உண்டு. ஸ்டீப் என்று ஒரு சொல் இருக்கிறதே, செங்குத்தானது என்று, அது ஆதியில் உயரமானது என்ற பொருளில் வழங்கியது. அதுவும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். ஒருவன் உயரமும் இன்னொருவன் குனிவும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

திண்ணை என்கிற ஸ்டூப் வேறு வழியில் வந்தது. டச்சுக்காரர்கள் அமெரிக்காவில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்று ஒரு குடியேற்றம் வைத்திருந்தார்கள். 1664இல் ஆங்கிலேயர் அதைப் பிடித்து நியூயார்க் என்று பெயர் மாற்றினார்கள். ஊர் பேர் போனது, டச்சு வீட்டின் வாசற்படி மட்டும் பேரோடு நின்றுவிட்டது. டச்சில் அது ஸ்டூப், படிக்கட்டு, வாசல்மேடை. படி என்று பொருள்படும் ஸ்டெப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உறவு. டச்சுக்காரர்கள் போய் இறங்கிய தென்னாப்பிரிக்காவிலும் வீட்டு முகப்புத் தாழ்வாரத்துக்கு இதே பேர்தான்.

ஆக, ஆங்கிலத்தில் இந்த இரண்டும் ஒரே ஒலியில் வந்து சேர்ந்தது தற்செயல். நம் ஊரில் அது தற்செயல் இல்லை. நம் ஊரில் அது சட்டம். திண்ணையில் உட்கார முடியாதவன் திண்ணைக்கு முன்னால் குனிய வேண்டும். இதைத்தான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

தமிழில் திண்ணையைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறார்கள். வழிப்போக்கன் வந்து படுத்துக்கொள்ளத் தமிழன் கட்டிவைத்த விருந்தோம்பல் என்கிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடம் என்கிறார்கள். திண்ணை வைக்காத இன்றைய கான்கிரீட் வீடுகளைப் பார்த்துப் பண்பாடு போச்சே என்று வருத்தப்படுகிறார்கள். எனக்கு ஒரே ஒரு கேள்வி. எந்த வழிப்போக்கன்? எங்க ஆயா அந்தத் தெரு வழியாக அறுபது வருஷம் போனவள். அவளும் வழிப்போக்கர்தான். கால் வலிக்குதுன்னு ஒரு நாள் ஒரு திண்ணையில் அவள் உட்கார்ந்ததில்லை. ஆண்டை வீட்டு வாசலில் நிற்கிற இடம் எது என்பதுகூட அவளுக்குத் தெரியும், கோடு போட்ட மாதிரி. அந்தக் கோட்டில் நின்று, முந்தானையை இறக்கி இடுப்பில் செருகி, முதுகை வளைத்து, 'ஆண்டே' என்பாள். திண்ணையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வயசு இருபது இருக்கலாம். ஆயாவுக்கு அறுபது. அவர் 'வாடி' என்பார். ஆயா நிமிர மாட்டாள்.

ஒரு ஆயாவின் பழக்கம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் என்கிற வெள்ளை அதிகாரி இந்தியச் சாதிகளைப் பற்றிய தன் நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூ வைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த வருஷம், 1931 ஜூனில், எட்டு பதினொன்றாக வளர்ந்தது.

இந்தப் பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்துப் பாருங்கள். குனிய வேண்டும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. எழுதத் தேவையில்லை. குடையைப் பிடுங்கு, செருப்பைப் பிடுங்கு, மேல்துணியைப் பிடுங்கு. உடம்பு தானாகக் கூனிக்கொள்ளும். வெறும் மார்போடு ஒரு பெண்ணைத் தெருவில் நடக்க வைத்தால் அவள் தோளைக் குறுக்கிக்கொண்டுதான் நடப்பாள். அதைப் பார்த்து, 'அவங்க சுபாவமே பணிவுதான்' என்று திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள்.

பணிவு என்றேன். இந்தச் சொல்லையும் விட்டுவிடக்கூடாது. தமிழில் பணி என்றால் வேலை. பணி என்றால் தாழ்ந்து வளை. ஒரே எழுத்து, ஒரே ஒலி. பணியாள், பணிப்பெண், அரசுப் பணி, பணி நியமன ஆணை. எல்லாவற்றிலும் ஒரு முதுகு வளைந்து கிடக்கிறது. பக்கத்துத் தெலுங்கில் 'பனி' என்றால் வேலை மட்டும்தான். நாம் எல்லையில் இருக்கிறவர்கள். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி வரைக்கும் இந்தத் திருத்தணி ஆந்திராவில் இருந்தது, அதுக்கப்புறம்தான் இங்கே சேர்ந்தது. இரண்டு பாஷையும் நம் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. தெலுங்கில் குனிவதற்கு 'வங்கு' என்பார்கள். குனிந்து என்பதற்கு என்ன சொல்வார்கள் தெரியுமா? 'வங்கி'. நான் வேலை பார்க்கிற இடத்தின் பேர் பலகையைத் தமிழில் படித்தால் காசு. தெலுங்கில் படித்தால் குனிந்து. வேடிக்கையாகத்தான் சொல்றேன். ஆனா அந்த வேடிக்கைக்குள் என் நைனாவின் கதை இருக்கிறது.

அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஸ்டூப்புக்கு இருக்கிற வேறு இரண்டு அர்த்தங்களைப் பார்த்துவிட வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டிலேயே அந்தச் சொல்லுக்கு ஒரு ஒழுக்கப் பொருள் வந்துவிட்டது. தன் தகுதியிலிருந்து இறங்கி வருதல். 'இவ்வளவு கீழே இறங்கிட்டியே' என்கிறோம் இல்லையா, அது. இந்தப் பொருளில் யார் குனிய முடியும் என்று யோசியுங்கள். உயரத்தில் இருக்கிறவன்தான் முடியும். ஏற்கெனவே தரையில் வைக்கப்பட்டவன் எங்கே இறங்குவது? 1773இல் லண்டனில் கோல்ட்ஸ்மித்தின் நாடகம் ஒன்று மேடையேறியது. பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. வசதியான வீட்டுப் பெண் ஒருத்தி, தான் விரும்பியவனை அடைவதற்காகச் சத்திரத்துப் பணிப்பெண் மாதிரி நடிக்கிறாள். குனிந்து ஜெயிக்கிறாள். நாடகம் முடிந்ததும் அவள் நிமிர்ந்துகொள்ளலாம். நிஜச் சத்திரத்தில் நிஜமாகத் தட்டு கழுவுகிறவளுக்கு அந்தக் கடைசிக் காட்சி கிடையாது.

மெக்கார்ட்னி என்று ஒரு பிரபு. 1781 முதல் 1785 வரை நம்ம மதராசுக்குக் கவர்னராக இருந்தவர். 1793இல் பிரிட்டிஷ் மன்னரின் தூதராகச் சீனாவுக்குப் போனார். அங்கே பேரரசர் முன்னால் மண்டியிட்டு நெற்றி தரையில் படும்படி வணங்க வேண்டும். அதுதான் கௌடௌ, தலையைத் தரையில் மோதுதல், ஆங்கிலத்தில் இன்றைக்கு அடிமைத்தனமாகக் குழைவதற்குப் பெயராக இருக்கிற சொல். மெக்கார்ட்னி மாட்டேன் என்றார். என் அரசருக்கு என்ன செய்வேனோ அதைச் செய்கிறேன், ஒரு முழங்காலை மட்டும் மடக்குகிறேன் என்றார். சரித்திரம் அதைத் தன்மானம் என்று எழுதிவைத்திருக்கிறது. எத்தனை முழங்கால் மடக்குவது என்று பேரம் பேச அவருக்குப் பின்னால் கப்பல் இருந்தது, பீரங்கி இருந்தது. எங்க ஆயாவுக்குப் பின்னால் பசித்த நாலு பிள்ளைகள் இருந்தார்கள். ஆயாவிடம் தன்மானம் இல்லை என்று எந்த நாய் சொல்லும்?

இன்னொரு பொருள் பருந்து சம்பந்தப்பட்டது. வல்லூறு உயரத்திலிருந்து இறக்கையை மடக்கிக்கொண்டு இரை மேல் பாய்கிறதே, அதுக்கும் ஸ்டூப் என்றுதான் பேர். மணிக்கு முந்நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகம். கோழிக்குஞ்சு குனிவதும் ஸ்டூப், வல்லூறு பாய்வதும் ஸ்டூப். 'நாங்களும் இறங்கி வந்துதானே உங்க தெருவுக்கு வர்றோம்' என்று தேர்தல் நேரத்தில் வருகிறவர்களைப் பார்க்கும்போது, இது எந்த ஸ்டூப் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். திருத்தணி என்றால் படி. முந்நூற்று அறுபத்தைந்து படி, வருஷத்துக்கு நாளொன்றுக்கு ஒன்று என்பார்கள். டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழா. படிக்கொரு திருப்புகழ் பாடிப் பூசை செய்து ஏறுகிறார்கள். இதை 1917இல் தொடங்கிவைத்தவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள். ஏன் டிசம்பர் 31? வெள்ளைக்காரன் காலத்தில் ஜனவரி 1ஆம் தேதி நம்மாட்கள் எலுமிச்சம்பழமும் மாலையுமாகத் துரைமார் வீட்டு வாசலில் போய் நின்று சலாம் போடுவார்கள். எதுக்கு இந்தத் துரைக்குக் குனியணும், துரைக்கெல்லாம் துரை மலைமேல் இருக்கிறான், அவனைப் போய்க் கும்பிடுவோம் என்றாராம் சுவாமிகள். அந்த எதிர்ப்பில் ஒரு சுயமரியாதை இருக்கத்தான் செய்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் துரை வாசலில் சலாம் போடப் போனவர்கள் யார்? உத்தியோகம் பார்த்தவர்கள். அவர்களுக்கு மாற்று வாசல் ஒன்று இருந்தது. சேரிக்காரனுக்கு? அந்த 1917இல் அந்தப் படிகளின் உச்சி வரைக்கும் ஏறிப்போய், சந்நிதியில் நின்று கும்பிடும் உரிமை எங்கள் பாட்டன்களுக்கு இருந்ததா? மதராஸ் மாகாணத்தில் கோயில் நுழைவுக்கு 1939இல் ஒரு சட்டமும் 1947இல் இன்னொரு சட்டமும் போட வேண்டியிருந்ததே, ஏன்? பொதுச்சாலையில் நடக்கவும் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்ததே, ஏன்? துரைக்குக் குனிவதா, சாமிக்குக் குனிவதா என்று தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு பக்கம். தேர்வே இல்லாமல் எல்லாருக்கும் குனிந்தவர்கள் இன்னொரு பக்கம். விடுதலைப் போராட்ட வரலாற்றில் இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே 'நாம்' என்று எழுதுகிறார்கள்.

இப்போது உழைப்புக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஸ்டூப் லேபர் என்று ஒரு சொல் இருக்கிறது. குனிந்தே செய்கிற வயல்வேலை. மெக்சிகோவிலிருந்து வந்த கூலிகள் கலிபோர்னியாவில் கீரைப் பாத்திகளிலும் பீட் கிழங்கு வயல்களிலும் செய்த வேலை. அவர்கள் கையில் கொடுத்த கொத்துக்குக் கைப்பிடி முழங்கை நீளம்தான். 'எல் கோர்த்திட்டோ' என்பார்கள், குட்டையானது என்று அர்த்தம். நாள் முழுக்க இடுப்பை இரண்டாக மடித்தால்தான் அதை வைத்து வேலை செய்ய முடியும். ஏன் நீளக் கைப்பிடி போடக்கூடாது? பயிர் பாழாகிவிடும் என்றார்கள் முதலாளிகள். இன்னொரு காரணத்தைத் தொழிலாளிகள் சொன்னார்கள். எல்லாரும் குனிந்திருந்தால், எவன் நிமிர்ந்தாலும் கங்காணிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். முதுகெலும்பு தேய்ந்து போனவர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். 1975இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது, அதே ஆண்டில் குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. முதலாளிகள் பயமுறுத்தின மாதிரி விவசாயம் அழிந்துவிடவில்லை. கைப்பிடி நீண்டது, ஆட்கள் நிமிர்ந்தார்கள். அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எங்க அம்மாவின் இடுப்பு ஞாபகம் வந்தது. நாற்று நட்டு, களை பறித்து, கரும்பு வயலில் அடிக்கரும்பு வெட்டி, நாற்பத்தைந்து வயசில் அவள் முதுகு நிமிராமல் போனது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்து வயசாயிடுச்சும்மா என்றார். வயசு இல்லை டாக்டர், அது கருவி. நம் வீட்டு விளக்குமாற்றைப் பாருங்கள். ஏன் அது இன்றைக்கும் குட்டை? பெருக்குகிறவர் முதுகைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா? சாக்கடைக் குழிக்குள் ஆளை இறக்குகிறார்களே, அது குனிவின் கடைசிப் படி. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், 2013இல் ஒரு சட்டம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சாக்கடையில் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடு என்றது. கருவி கண்டுபிடிக்க முடியாத நாடா இது? நிலவுக்குக் கருவி அனுப்பிய நாடு.

நிமிர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் கணக்கு இருக்கிறது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. குனிந்து நட்டவர்கள், குனிந்து அறுத்தவர்கள், கூலியைக் கொஞ்சம் உயர்த்திக் கேட்டார்கள். ஒரே குடிசைக்குள் நாற்பத்து நான்கு பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள்.

அதெல்லாம் பழைய காலம் என்பவர்களுக்காக மூன்று சம்பவங்கள். 2020 ஆகஸ்ட் 15, நம்ம திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம். ஊராட்சித் தலைவரான தலித் பெண் சுதந்திர தினக் கொடியை ஏற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி பரவி, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். கொடி ஏற்றுகிறவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தாக வேண்டும், அதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை. அதே வருஷம் அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை. மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிற புகைப்படம் வெளியே வந்தது. 2021 மே மாதம், விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தல். ஊரடங்கு நேரத்தில் கோயில் விழா நடத்திவிட்டார்கள் என்று தலித் முதியவர்கள் மூன்று பேரைப் பஞ்சாயத்தார் காலில் விழவைத்தார்கள். குனிவு, திண்ணை, நாற்காலி, கால். சொல்தான் மாறுகிறது.

இனி என் நைனாவின் கதை. இதைச் சொல்லாமல் உட்கார்ந்தால் நான் பேசியது அத்தனையும் பொய்.

வேலையில் சேர்ந்த முதல் வருஷம். கிளையின் பேர் வேண்டாம். கவுண்டரில் கண்ணாடி, அதில் கை நுழைகிற அளவுக்குக் கீழே ஒரு ஓட்டை. நிமிர்ந்து பேசினால் உள்ளே கேட்காது, ஆகவே எல்லாரும் கொஞ்சம் குனிவார்கள். ஆனால் நம் ஜனங்கள் குனிவது வேறு மாதிரி. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவார்கள். டோக்கன் எண் கூப்பிட்டாலும் ஓரமாக நிற்பார்கள். நான் எத்தனையோ பேரிடம், செருப்பு போட்டுக்கிட்டே வாங்க, நேரா வாங்க என்று சொல்லியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

ஒரு நாள் கூட்டம் அதிகம். நூறு நாள் வேலைக் கூலி வந்திருந்த வாரம். தலை தூக்காமல் பாஸ்புக்கில் பதிவு போட்டுக்கொண்டிருந்தேன். ஓட்டை வழியாக ஒரு கை வந்தது. 'சாமி, கும்புடறேன் சாமி, காசு வந்துருச்சான்னு பாருங்க சாமி.' நிமிர்ந்து பார்த்தேன். எங்க நைனா. கண்ணாடியில் வெளிச்சம் அடித்ததால் உள்ளே இருப்பது நான்தான் என்று அவருக்குத் தெரியவில்லை. தோள்துண்டு இடுப்பில் இருந்தது. காலில் செருப்பு இல்லை. என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, 'பாருங்க சார், இவங்க மாறவே மாட்டாங்க' என்றார்.

அந்த இடத்தில் நான் எழுந்து நின்று, 'இவர் என் அப்பா' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பாஸ்புக்கை வாங்கினேன். பதிவு போட்டேன். குரலைத் தாழ்த்தி, 'வந்திருக்கு' என்றேன். குரலில் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, யாரோ ஒரு கிளார்க்கிடம் சொல்வது மாதிரி, 'சரிங்க சாமி' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். என் மானத்தைக் காப்பாற்ற அவர் இரண்டாம் முறை குனிந்தார். வீட்டில் அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை, சாகிற வரைக்கும்.

அகராதியில் அந்த இன்னொரு பொருள் இருக்கிறதே, தன் நிலையிலிருந்து கீழே இறங்குதல், அது அன்றைக்கு எனக்குத்தான் பொருந்தியது. நைனாவின் முதுகை யாரோ வளைத்தார்கள், என்னை யாரும் தள்ளவில்லை. சம்பளம் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, இடஒதுக்கீட்டில் அம்பேத்கர் வாங்கிக் கொடுத்த உரிமை இருக்கிறது. எல்லாம் இருந்தும் குனிந்தேன். படித்து வேலைக்குப் போகப்போகிற தம்பி தங்கச்சிகளிடம் இதைத்தான் சொல்ல வேண்டும் என்று வந்தேன். திண்ணைமேல் ஏறிவிடுவது மட்டும் விடுதலை இல்லை. ஏறின பிறகு, கீழே நிற்கிறவர் எனக்கு யார் என்று அங்கே இருக்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நிமிர்வதைப் பற்றி நான் கவிதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் வீட்டில் குட்டை விளக்குமாற்றோடு குனிந்திருப்பது யார்? நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் ஆண்டைகளாக இருந்துகொண்டு ஊர் ஆண்டையை எதிர்த்துப் பேச நமக்கு வாய் இல்லை. போன வாரம் நீளக் கம்பு போட்ட துடைப்பம் வாங்கி வந்தேன். பெருக்கவும் ஆரம்பித்திருக்கிறேன். சிரிக்காதீங்க, இதுவும் இயக்கம்தான்.

எல்லாக் குனிவும் அடிமைத்தனமா என்று ஒரு தோழர் வரும்போதே கேட்டார். இல்லை. 1927 மார்ச் 20, மராட்டியத்தில் மகாத் என்கிற ஊர். சவுதார் குளம். நகராட்சி அனுமதித்தும் தீண்டத்தகாதவர்கள் தொட முடியாத தண்ணீர். அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு ஊர்வலமாகப் போய், கரையில் இறங்கி, குனிந்து, கையால் அள்ளிக் குடித்தார். மக்களும் குனிந்து குடித்தார்கள். அதற்குத்தான் அடி விழுந்தது. அதற்குத்தான் குளத்தில் நூற்றெட்டுக் குடம் பஞ்சகவ்யம் கொட்டிப் 'புனிதப்படுத்தினார்கள்'. அந்தத் தண்ணீருக்கான உரிமையைப் பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்ய 1937 ஆகிவிட்டது. குழந்தையைத் தூக்க, விதை ஊன்ற, தண்ணீர் அள்ள, விழுந்தவரை எழுப்பக் குனிகிறோம். அந்தக் குனிவுக்குப் பின்னால் தள்ளுகிற கை இல்லை, முடித்ததும் நிமிரலாம். எந்தக் குனிவைப் பார்த்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். யார் தள்ளியது? நிமிர விடுவார்களா?

கடைசியாக அந்தப் பொண்ணு. இரண்டு அர்த்தத்தையும் சொல்லிக் கொடுத்துவிட்டு, இரண்டையும் வைத்து ஒரே வாக்கியம் எழுதிக்கொண்டு வா என்றேன். மறுநாள் கொண்டுவந்தாள். இங்கிலீஷில் இலக்கணப் பிழை ஒன்று இருந்தது, திருத்தவில்லை. தமிழில் சொன்னால் இதுதான்: 'எங்க ஆயாவைத் திண்ணையில் உட்கார விடல, அதனால அவங்க குனிஞ்சாங்க. நான் பரீட்சை பாஸ் பண்ணி திண்ணை வச்சு வீடு கட்டுவேன், யார் வேணும்னாலும் உட்காரலாம்.'

மேடையில் பேசினவர்கள் 'வணக்கம்' சொல்லி முடிப்பது வழக்கம். வணங்கு என்றாலும் வளை என்றுதான் பொருள். இன்றைக்கு மட்டும் அதை விட்டுவிடுகிறேன்.

ஜெய்பீம்.